மலைப்பாதையில் பழைய டி.வி.எஸ். வண்டி: இழுவையைக் கூட்டுவது எப்படி?

நைனார்பாளையம் வட்டாரத்து மளிகைக்காரர்களில் டி.வி.எஸ். வண்டி ஓட்டாதவர் மிகக் குறைவு. 1980-ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்த காலம் தொட்டு, சின்னசேலத்திலும் கள்ளக்குறிச்சியிலும் மொத்தக் கடையில் எடுத்த சர்க்கரை மூட்டையும் எண்ணெய் டின்னும் இந்த வண்டிகளில்தான் ஊர் வந்து சேர்ந்தன. 2015-ல் ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்சினுடன் எக்ஸ்.எல். 100 வந்தது. அதன்பின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் புதிதாக விற்பனைக்கு வருவது நின்றுபோனாலும், பழைய எக்ஸ்.எல். சூப்பர் இன்னும் பல கடை வாசல்களில் நிற்கிறது.

சமவெளியில் இந்த வண்டியால் தொல்லை இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சரக்கு ஏற்றிச் செல்லும் அன்பர்களுக்குத்தான் சங்கடம். பாதி ஏற்றத்தில் வண்டி திணறுகிறது. "இஞ்சினில் கொஞ்சம் வேலை செய்தால் பவர் கூடும்" என்று யாராவது ஒருவர் யோசனை சொல்கிறார். பணத்தைக் கொடுக்குமுன் விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு நமக்குப் பழக்கமானதுதானே. ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்தி. எக்ஸ்.எல். சூப்பரின் 70 சி.சி. இஞ்சின் தருவது சுமார் மூன்றரை குதிரைத்திறன். செயினிலும் கிளட்சிலும் போனது போகச் சக்கரத்துக்கு இரண்டரை வந்து சேருவதாக வைத்துக்கொள்வோம். வண்டி, ஓட்டுபவர், சரக்கு எல்லாம் சேர்த்து 250 கிலோ என்றால், நொடிக்கு முக்கால் மீட்டர் உயரம்தான் ஏற முடியும். பத்தடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் இது மணிக்கு 27 கிலோமீட்டர் வேகம். காற்றும் டயரும் தின்பதைக் கழித்தால் இன்னும் குறையும். இப்போது ஒரே ஒரு 50 கிலோ மூட்டையை இறக்கி வையுங்கள். அதே இஞ்சின் 34 கிலோமீட்டர் வரை போகும். அதாவது இஞ்சினின் பலத்தைக் காலே அரைக்கால் பங்கு... வேண்டாம், சரியாகக் கால் பங்கு கூட்டியதற்குச் சமம். எந்தப் பட்டறையும் இந்த இஞ்சின் கெடாமல் கால் பங்கு கூட்டித் தராது.

அடுத்தது, இருந்த பலம் எங்கே போனது என்பது. டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் திறக்கின்றன. ஒன்றின் வழியாக எரிந்த புகை வெளியேற, மற்றவற்றின் வழியாகப் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருகிறது. பழையது போகாவிட்டால் புதியதற்கு இடமில்லை. பெட்ரோலுடன் ஆயிலும் சேர்ந்து எரிவதால் சைலன்சர் குழாயிலும் புகைத் துவாரத்திலும் கரி படிந்துகொண்டே போகும். விரல் நுழையும் வழி பென்சில் நுழையும் வழியாகச் சுருங்கும். இது மெள்ள மெள்ள நடப்பதால் ஓட்டுபவருக்கே தெரிவதில்லை. கரி எடுத்த மறுநாள் "புது வண்டி மாதிரி இருக்கிறது" என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சைலன்சரின் உட்குழாயைக் கழற்றிச் சுரண்டினால் பெரும்பகுதி போய்விடும். புகைத் துவாரத்தைச் சுரண்டும்போது பிஸ்டனைக் கொண்டு துவாரத்தை மூடிவைத்து, மரக்குச்சியால் சுரண்ட வேண்டும். ஸ்குரூடிரைவர் பட்டால் பிஸ்டனில் கீறல் விழும். சிலர் நம் கடையிலேயே விற்கும் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊறவைக்கிறார்கள். இரும்புக் குழாய்க்கு மட்டும் அது சரி. அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகும்.

கரி எடுத்தும் இழுக்கவில்லையானால், ஏர் ஃபில்டர், பிளக், ஒட்டிப் பிடிக்கும் பிரேக், தேய்ந்த கிளட்ச் ஷூ ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றைவிட முக்கியமானது கிராங்கின் ஆயில் சீல். அது கடினப்பட்டுக் காற்று கசிந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து, இஞ்சின் சூடேறி, கடைசியில் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சீல் விலை சொற்பம். பிடித்துப்போன இஞ்சினின் செலவு அப்படியல்ல.

இனி, "பவர் ஏற்றுவது" என்று சொல்லிச் செய்யும் வேலைகளுக்கு வருவோம். துவாரங்களை அரத்தால் ராவிப் பெரிதாக்குவது இதில் முதன்மையானது. பந்தய வண்டிகளில் இது பலன் தருகிறது. ஆனால் கூடும் பலம் இஞ்சின் மிக வேகமாகச் சுற்றும்போதுதான் கிடைக்கும். மெதுவாகச் சுற்றும்போது முன்பிருந்த இழுவையும் குறையும். சுமையோடு ஏற்றம் ஏறும் நம் வண்டி மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே காசு கொடுத்து இழுவையைக் குறைத்துக்கொள்கிறோம். ராவியதைத் திரும்ப ஒட்டவும் முடியாது. ஹெட்டைத் தேய்த்து அழுத்தம் கூட்டினால் இஞ்சின் தட்டும், சூடேறும். நீண்ட ஏற்றத்தில் பிஸ்டன் ஓட்டையாகும் அபாயமும் உண்டு. சைலன்சரை வெட்டினால் சத்தம் கூடும், பலம் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் நீளமும் அமைப்பும் இஞ்சினின் ஓர் அங்கம்.

இழுவைக்கு உண்மையிலேயே உதவுவது பின்சக்கர ஸ்பிராக்கெட். பல் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்கு கூடினால் இழுவையும் அந்த அளவு கூடும். உச்ச வேகம் அந்த அளவு குறையும். இந்த வண்டிக்கு கியர் ஒன்றே என்பதால், சமவெளியிலும் அதே குறைந்த வேகம்தான். மலைக்கு மட்டும் ஓடும் வண்டிக்குப் பொருந்தும், மற்றவர்களுக்கு அவசியமில்லை.

சட்டத்தையும் மறக்கலாகாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. தேய்ந்த சிலிண்டருக்குப் போர் போடுவது பழுதுபார்ப்பு. பெரிய சிலிண்டர் மாட்டி சி.சி. கூட்டுவது அப்படியல்ல. 2019 திருத்தத்தின்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யவும் இது இடம் கொடுக்கும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கும். ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் தேக்கி வைக்க வேண்டாம். ஆயில் அளவை வண்டியின் கையேட்டில் உள்ளபடி போடவும். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு ஒன்று. கூடுதலாக ஊற்றினால் பலம் வராது, கரிதான் வரும்.

ஏற்றத்தைவிட இறக்கத்தில் கவனம் தேவை. ஆயில் பெட்ரோலோடுதான் இஞ்சினுக்குள் போகிறது. வெள்ளிமலையிலிருந்து ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிக்கொண்டு இறங்கினால், இஞ்சின் வேகமாகச் சுற்றும்போதே ஆயில் கிடைக்காமல் போகும். இடையிடையே ஆக்சிலேட்டரைச் சற்றுத் திறந்துவிட வேண்டும். எஞ்சியதைப் பிரேக்தான் தாங்க வேண்டும். சுமையோடு தொடர்ந்து அழுத்தினால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நடுவே ஓரிடத்தில் நிறுத்தி ஆறவிட்டு இறங்கவும். காலி டின்களும் மலைச் சரக்கும் ஏற்றி வரும் நாட்களில் மலைக்குப் புறப்படுமுன்பே பிரேக் ஷூவைப் பார்த்துவிட வேண்டும்.