கழற்றிப் பார்க்க ஒரு மணிக்கூடு

அமெரிக்காவின் நியூ ஹம்ஷயர் மாநிலத்தில் வுல்ஃபெபரோ என்னும் சிற்றூர் உளது. நியூயோர்க் நகரத்துக் குடும்பமொன்று கோடை விடுமுறையை அவ்வூரின் ஏரிக்கரை வீட்டிற் கழிப்பது வழக்கம். அவ்வீட்டுப் படுக்கையறைகளில் மொத்தம் ஏழு அலாரம் மணிக்கூடுகள் இருந்தன. வீட்டின் மூத்த மகளுக்கு அப்பொழுது வயது ஏழு. மணி எவ்வாறு தானாக அடிக்கின்றது என்பதனை அறியும் ஆவலால், சிறுமி ஒரு மணிக்கூட்டைக் கழற்றினாள். சுருளும் சக்கரங்களும் சிதறி விழுந்தன. மீளப் பூட்டும் வகை தெரியவில்லை. அதனை அறியும் பொருட்டு இரண்டாவது மணிக்கூட்டைத் திறந்தாள். அதுவும் சிதறிற்று. இவ்வாறே ஏழும் உதிரிகளாயின.

இந்நிகழ்ச்சி நம்மவர் இல்லமொன்றில் நடந்திருப்பின் யாது விளைந்திருக்கும் என்பதனை வாசகர்களே ஊகித்துக்கொள்வர். அந்த அன்னையார் செய்தது வேறொன்று. இனிமேல் ஒரு மணிக்கூட்டை மட்டுமே கழற்றலாம் என்று வரையறுத்து, அவ்வொன்றை மகளிடம் விட்டுவிட்டார். ஆவலுக்கு இடமும் கிடைத்தது, எல்லையும் கிடைத்தது.

அச்சிறுமியே பிற்காலத்திற் கணினி உலகின் முன்னோடிகளுள் ஒருவராய், அமெரிக்கக் கடற்படையின் றியர் அட்மிரலாய் விளங்கிய கிறேஸ் ஹொப்பர் அம்மையார். 1906ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆந் திகதி பிறந்தவர். அம்மையாரின் கண்டுபிடிப்புகளைப் பற்றி எழுதினோர் பலர். நாம் ஈண்டு எழுதப் புகுவது அவருடைய வாழ்வின் வேறொரு பகுதியைப் பற்றியதாகும். தம் வாழ்விற் செய்தவற்றுள் எதனை எண்ணிப் பெருமிதம் கொள்கின்றீர் என்று கேட்டவர்களுக்கு, அவர் எந்தப் பொறியையும் சுட்டவில்லை. தாம் பயிற்றிய இளைஞர்களையே சுட்டினார்.

வகுப்பறையும் பொழுதுபோக்கும்

பூத்தையல், நூல் வாசிப்பு, பியானோ, ஏரியிற் படகோட்டம் என்பன அவருடைய இளமைக்காலப் பொழுதுபோக்குகள். நில அளவைப் பணிக்குச் செல்லும் பாட்டனாருடன் சென்று, சிவப்பும் வெள்ளையும் தீட்டிய அளவுகோலைப் பிடித்து நிற்பதிலும் சிறுமிக்குப் பெருவிருப்பம். தந்தையார் நோயினாற் கால்களை இழந்தும் தொழிலைக் கைவிடாதவர். மகனுக்குள்ள கல்வி வாய்ப்பு மகளிர்க்கும் வேண்டும் என்னும் கொள்கையினர். எனினும் கல்விப் பாதை தடையின்றி அமைந்துவிடவில்லை. இலத்தீன் மொழிப் பரீட்சையிற் சித்தியடையாமையால், வாசர் கல்லூரியிற் சேர ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது. 1928இற் கணிதத்திலும் பௌதிகவியலிலும் பட்டம் பெற்றார். 1931 முதல் அக்கல்லூரியிலேயே கணிதம் கற்பித்தார். 1934இல் யேல் பல்கலைக்கழகம் அவருக்குக் கலாநிதிப் பட்டம் வழங்கியது.

ஆசிரியையாக இருந்த காலத்தில் அவர் மேற்கொண்ட பொழுதுபோக்கொன்று நம்மை வியப்பில் ஆழ்த்துகின்றது. பிற ஆசிரியர்களின் வகுப்புகளிற் சென்று மாணவியருடன் அமர்ந்து பாடங் கேட்பதே அது. வானியல், புவிச்சரிதவியல், தத்துவம், கட்டடக்கலை எனத் தமக்கு எவ்வகையிலும் கட்டாயமற்ற பாடங்களை அவர் கேட்டார். கணித வகுப்பில் எடுத்துக்காட்டுகள் வற்றாமல் ஊறுவதற்கு இப்பழக்கம் பெரிதும் உதவிற்று. தம் பாடத்தை மட்டுமே அறிந்த ஆசிரியன் தன் பாடத்தையும் முழுதாகக் கற்பித்தல் அரிது என்பது நமது கருத்து.

ஒருமுறை நிகழ்தகவு வகுப்பிற் கணித சூத்திரம் ஒன்றை விளக்கிய பின்னர், அதனைப் பற்றிக் கட்டுரை எழுதுமாறு பணித்தார். எழுதியவற்றின் மொழிநடையைத் திருத்திப் புள்ளியிட்டார். இது கணித வகுப்பன்றோ, மொழி வகுப்பு அன்றே என்று மாணவியர் முறையிட்டனர். பிறர்க்கு எடுத்துரைக்க இயலாத கணிதத்தைக் கற்றும் பயனில்லை என்பதே அவர் தந்த விடை. கணக்குப் பாடத்திற்கு மொழி எதற்கு என்று கேட்கும் நம் மாணவர்களும், அவ்வாறு கேட்கப் பழக்கிவிட்ட நாமும் இவ்விடையை நெஞ்சில் நிறுத்தல் நன்று.

இளையவரிடம் கற்ற மூத்தவர்

இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அம்மையார் கடற்படையிற் சேர விரும்பினார். வயது மிகுதி என்றனர். நிறை பதினைந்து இறாத்தல் குறைவு என்றனர். விடாது முயன்று 1943இற் சேமப் படையிற் சேர்ந்தார். 1944இல் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் இருந்த ‘மார்க் வண்’ என்னும் கணிப்பொறியின் முன் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார். ஐம்பத்தோரடி நீளமும் எட்டடி உயரமும் உடைய அந்தப் பொறி செக்கனுக்கு மூன்று கூட்டல்களைச் செய்யவல்லது. பொறியை வடிவமைத்தவரும் அவ்விடத்துத் தலைவருமான ஹோவட் எய்க்கன் கடுமைக்குப் பெயர் பெற்றவர். செய்நிரல் எழுதும் வித்தையை அம்மையாருக்குக் காட்டிக் கொடுத்தோருள் ஒருவர் றிச்சட் புளொக் என்னும் இளைஞர். அவர் அம்மையாரினும் பதினைந்து வயது இளையவர். கலாநிதிப் பட்டம் பெற்ற பேராசிரியை, தம் மாணவர் வயதினன் ஒருவனின் அருகிருந்து கற்றார். இளைஞரை நம்பும் பழக்கம் அவரிடம் இங்கேதான் வேரூன்றியதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

அங்குப் பணிபுரிந்தோர், சரியென உறுதிப்பட்ட நிரற் பகுதிகளைத் தத்தம் கொப்பிகளில் எழுதி வைத்திருந்தனர். தேவைப்படும்போது ஒருவர் கொப்பியைப் பார்த்து மற்றவர் எழுதிக்கொள்வார். பார்த்து எழுதுவதிற் பிழைகள் நேர்வது மனித இயல்பு. நமது வகுப்பறைகளில் இதற்குச் சான்று தேட வேண்டியதில்லை. பார்த்தெழுதும் வேலையைப் பொறியிடமே ஒப்படைத்தால் என்ன என்னும் எண்ணம் அம்மையாருக்குப் பின்னர் உதித்தது. அதன் விளைவே 1952இல் அவர் உருவாக்கிய தொகுப்பான் என்னும் செய்நிரல். கணினிக்குக் கணக்குச் செய்யத்தான் தெரியும், நிரல் அமைக்கத் தெரியாது என்று பலர் அதனை நம்ப மறுத்தனர். அவர் தளரவில்லை. ஆங்கிலச் சொற்களாற் கட்டளையிடும் புளோ-மற்றிக் என்னும் மொழியைத் தம் குழுவினருடன் ஆக்கினார். 1959இற் கூடிய குழுவொன்று வகுத்த கோபோல் என்னும் மொழிக்கு அதுவே முதன்மையான முன்மாதிரியாயிற்று. உலகின் வங்கிகள் பலவற்றில் அம்மொழி இன்றும் பணிபுரிகின்றது.

இருண்ட காலம்

பிறரை வழிநடத்துவோர் தாம் ஒருபோதும் வழுக்கி விழாதவர் என்று மாணவர் எண்ணுவதுண்டு. அம்மையாரின் வாழ்வு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. 1945இல் இல்லறம் முறிந்தது. ஹாவாட் பணியும் சில ஆண்டுகளில் முடிவுற்றது. 1949இற் பிலடெல்பியா நகரத்து இளங் கணினி நிறுவனமொன்றிற் சேர்ந்தார். அக்காலத்தில் மதுப்பழக்கம் அவரைக் கடுமையாகப் பற்றியிருந்தது. உடன் பணியாற்றிய நண்பர் எட்மண்ட் பேர்க்லி, அவருடைய ஆற்றலையும் அது அழிந்துவரும் நிலையையும் எடுத்துக் கூறி மனம்விட்டு ஒரு கடிதம் எழுதினார். தூற்றாமலும் மூடி மறைக்காமலும் உண்மையைச் சொல்லும் நட்பு வாய்த்தல் அரிது. தொகுப்பானை அம்மையார் ஆக்கியது இந்த இருண்ட காலத்தை அடுத்துத்தான் என்பது கருதற்பாலது. கைகொடுப்பவருக்கும் ஒருநாள் கை வேண்டியிருக்கின்றது.

அதே ஆண்டுகளில் நடந்த வேடிக்கை ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். பணியகத்துப் பொறிக்காக, எட்டும் ஒன்பதும் இல்லாத எண்முறையில் அவர் நாள்தோறும் கணக்கிட வேண்டியிருந்தது. அம்முறையிற் பதின்மூன்று என்று நாம் வாசிக்கும் இலக்கங்களிலிருந்து ஐந்தைக் கழித்தால் விடை ஆறு. சில மாதங்களில் அவருடைய காசோலைப் புத்தகக் கணக்கு வங்கியின் கணக்கோடு ஒத்துவரவில்லை. வங்கித் தொழிலில் இருந்த தம்பி இருந்து ஆராய்ந்து, அக்கையார் சிற்சில இடங்களில் எட்டின் முறையிற் கழித்திருந்தமையைக் கண்டுபிடித்தார். கலாநிதி வீட்டுக் கணக்கிற் சறுக்கிய இக்கதையைத் தாமே மேடைதோறும் கூறி மகிழ்ந்தவர் அம்மையார்.

ஓரடிக் கம்பி

1966இன் முடிவில், அறுபதாவது வயதிற் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். 1967 ஓகஸ்டில், ஆறு மாதங்களுக்கு மட்டும் என்று மீள அழைத்தனர். அந்த ஆறு மாதம் ஏறக்குறைய பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. நாடெங்கும் சென்று இளைஞர் முன்னிலையிற் பேசுவது அக்காலத்தில் அவருடைய பெரும்பணியாயிற்று.

அவர் பேசச் செல்லும்போது கையில் ஒரு கட்டுக் கம்பித் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஓரடிக்குச் சற்றுக் குறைவு. சரியாகச் சொன்னால் 11.8 அங்குலம். நூறு கோடியில் ஒரு பங்கு செக்கனை நனோசெக்கன் என்பர். அந்நேரத்தில் ஒளி செல்லக்கூடிய மிகக்கூடிய தூரம் அதுவே. நனோசெக்கன் என்றால் என்னவென்று அவருக்கே விளங்காதிருந்த ஒரு காலத்தில், அதனை வெட்டி ஒரு துண்டைத் தம்மிடம் அனுப்புமாறு பொறியியலாளரைக் கேட்டுப் பெற்றாராம். அதனோடு ஒப்பிட 984 அடி நீளக் கம்பிச் சுருளையும் காட்டுவார், அது மைக்கிரோசெக்கன். செய்நிரலர் ஒவ்வொருவரும் இச்சுருளைக் கண்முன் தொங்கவிட்டால், தாம் வீணாக்கும் நேரம் எவ்வளவு என்பது புலனாகும் என்பார். செயற்கைக்கோள் வழி வரும் செய்தி ஏன் தாமதிக்கின்றது என்று கேட்ட உயர் அதிகாரிகளுக்கும் இத்துண்டே விடையாயிற்று. இங்கிருந்து வான்வெளிக்கு எத்தனை துண்டுகளை அடுக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கச் சொல்வார்.

துண்டுகளைக் கூட்டத்தினருக்கு வழங்கிவிடுவார். மணிக்கூட்டைக் கழற்றிய கைகளல்லவா? கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கத் தருவதே கற்பித்தல் என்பதனை அக்கைகள் மறக்கவில்லை.

அவருடைய பணியறைச் சுவரிலும் ஒரு மணிக்கூடு தொங்கியது. முள்கள் எதிர்த்திசையிற் சுழலும். நேரமோ சரியாகவே இருக்கும். வருவோர் முதலில் திகைப்பர். சில நாட்களிற் பழகிவிடுவர். இதுவரை இப்படித்தான் செய்துவந்தோம் என்னும் சொல்லைப் போன்று தீங்கானது வேறில்லை என்பது அம்மையார் கொள்கை. இது இயலுமா என்று கேட்டு வரும் இளைஞரை, முயன்று பார் என்று அனுப்புவார். தவறு நேரின் அவர்களுக்காகத் தாம் முன்னின்று பேசுவார். அவர்கள் வளர்ந்து உயர்பதவி எய்திய பின்னரும் துணிவைக் கைவிட்டனரோ என்று இடையிடையே விசாரித்துத் தூண்டுவார்.

1986 ஓகஸ்ட் 14ஆந் திகதி, பொஸ்ரன் துறைமுகத்தில் ‘கொன்ஸ்ரிரியூஷன்’ என்னும் பழம்பெருங் கப்பலின் மேற்றளத்தில் அவருக்குப் பிரியாவிடை நிகழ்ந்தது. அப்பொழுது வயது எழுபத்தொன்பது. அதன் பின்னரும் கணினி நிறுவனமொன்றின் ஆலோசகராகப் பணிபுரிந்து, 1992 ஜனவரி முதலாந் திகதி மறைந்தார். 1982இல் அவர் ஆற்றிய சொற்பொழிவொன்று பழைய வகை நாடாவில் நெடுங்காலம் முடங்கிக் கிடந்து, 2024 ஓகஸ்டிற் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்பட்டது. எதிர்காலத்தைப் பற்றிய அப்பேச்சின் தலைப்பில் தரவு, வன்பொருள், மென்பொருள் என்பவற்றை அடுத்து நான்காவதாக நிற்கும் சொல், மக்கள்.

நமது அலுமாரி

இருபது ஆண்டளவாகப் பௌதிகவியல் கற்பித்துவரும் நமக்கு, அந்த ஏழு மணிக்கூடுகளின் கதை பழைய நிகழ்ச்சியொன்றை நினைவூட்டி வருத்துகின்றது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், ஆய்வுகூடத்து நிறுத்தற்கடிகாரம் ஒன்றை மாணவன் ஒருவன் கழற்றிவிட்டான். வகுப்பின் முன் அவனை நிறுத்திக் கடிந்தோம். தகப்பனாரை அழைப்பித்து விலையையும் பெற்றோம். ஏன் கழற்றினாய் என்று மட்டும் கேட்கவில்லை. அதற்குப் பின்னர் அவன் எந்தக் கருவியையும் தொட்டதில்லை. பரிசோதனை வேளைகளில், வாசிப்புகளைக் குறித்துக்கொள்ளும் வேலையைத் தானே கேட்டுப் பெற்றுக்கொள்வான். நாம் அதனை அடக்கம் என்று எண்ணினோம். அவனுடைய நற்சான்றிதழிலும் அடக்கமானவன் என்றே எழுதினோம்.

கருவி விலையுடையது, காக்கப்பட வேண்டியது. அதனை நாம் மறுக்கவில்லை. அந்த அன்னையாரும் ஏழையும் விட்டுவிடவில்லை, ஒன்றைத்தான் விட்டார். அந்த ஒன்றைக் கொடுக்க நமக்குத் தோன்றவில்லை.

ஆய்வுகூட அலுமாரியின் அடித்தட்டிற் பழுதடைந்த நிறுத்தற்கடிகாரங்கள் சில கிடக்கின்றன. அடுத்த தவணையின் முதல் நாளன்று அவற்றுள் ஒன்றையும் ஒரு சிறு திருப்புளியையும் வகுப்பு மேசைமேல் வைக்க எண்ணியுள்ளோம். பெற்றோர்களே, ஓடாத மணிக்கூடொன்று உங்கள் வீட்டுப் பரணிலும் இருக்கக்கூடும். இன்று ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளும் வீட்டில் இருக்கின்றார்கள்.