நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சை மதிப்பீட்டில் பெட்-சிடி: ஏற்காட்டை முன்வைத்து

நிணநீர்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் எஞ்சும் கட்டி, வெறும் தழும்பாகவும் இருக்கலாம். சிடி அதன் அளவைக் காட்டும். பெட்-சிடி, ஃபுளோரின்-18 ஏற்றிய குளுக்கோசை அது ஈர்க்கும் அளவையும் காட்டும். 2009இல் பிரான்சின் டோவில் நகரில் உருவான அளவுகோல், இவ்வீர்ப்பை மார்பு நடுப்பகுதிக் குருதியோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது. பொதுவாக 1 முதல் 3 வரை நோய் தணிந்ததைக் குறிக்கும்.

ஃபுளோரின்-18இன் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 110 நிமிடங்களே. அதனைச் சேமித்து வைக்க இயலாமையால், சேர்வராயன் மலை நோயாளரே சமவெளி நகர மையங்களை நாட வேண்டியுள்ளது. வேதிச்சிகிச்சை முடிந்து 6 முதல் 8 வாரங்களும், கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து 3 மாதங்களும் கழித்துப் படமெடுப்பதே ஏற்றது. முந்தி எடுப்பின், சிகிச்சையால் விளைந்த அழற்சியும் புற்றுநோய்போல் ஒளிரும்; காசநோயும் அவ்வாறே மயக்கும். எனவே, பயண நாளை இவ்விடைவெளிக்கேற்ப வகுப்பது வீண் அலைச்சலையும் தேவையற்ற மறுசிகிச்சையையும் தவிர்க்க உதவும்.