கையைக் கட்டிக்கொண்டு சொல்லுங்கள்

டீயை ஓரமாக வைத்துவிட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைக்கூட அசைக்காமல், உங்கள் நாயிடம் "உட்காரு" என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். பல வீடுகளில் அது உட்காராது. உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும். திமிர் என்று நினைக்காதீர்கள். இத்தனை நாளும் அது உட்கார்ந்தது மேலே எழும் உங்கள் கையைப் பார்த்து.

பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை இருந்தது. கூட்டல் கழித்தலுக்குக் குளம்பைத் தட்டி விடை சொல்லி ஊரையே அசத்தியது. ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்பவர் ஆராய்ந்து 1907-இல் விஷயத்தை வெளியிட்டார்: கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரையும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் லேசாக அசையும். அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. வளர்த்தவர் மோசடிக்காரர் இல்லை, பாவம். தான் சைகை காட்டுவது அவருக்கே தெரியாது.

உங்கள் நாயும் அப்படித்தான், சொல்லை விட்டுக் கையைப் பார்க்கிறது. வீட்டுக்குள் இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ராத்திரி தெருவில் உண்டு. வெயில் காலத்தில் தார் ரோடு பாதத்தைச் சுட்டுவிடும் என்று நம் ஊரில் பலரும் இருட்டிய பிறகுதான் நாயோடு கிளம்புகிறோம். நாய் முன்னால் போகிறது. ஒரு கையில் லீஷ், மறு கையில் டார்ச். சைகை காட்டக் கை ஏது? காட்டினாலும் அது திரும்பிப் பார்க்க வேண்டுமே.

வார்த்தையைப் பழக்குவதில் வரிசைதான் முக்கியம். முதலில் சொல். ஒரு நொடி கழித்துப் பழைய சைகை. உட்கார்ந்த கணமே ஒரு துண்டு தீனி. சொல்லும் கையும் சேர்ந்தே வந்தால் நாய் கையை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். முன்பின்னாக வந்தால், போகப் போக, சொல்லைக் கேட்டதுமே கைக்குக் காத்திராமல் உட்கார்ந்துவிடும். இதைக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான். அப்பா "சிட்" என்பார், பாட்டி "உக்கார்றா" என்பார், பையன் "சிட், சிட், சிட்" என்பான். மூன்றாவது "சிட்"டுக்கு உட்கார்ந்தால் போதும் என்று நாய் கணக்குப் போட்டுக்கொள்ளும். தமிழோ இங்கிலீஷோ, ஒன்றைப் பேசி முடிவு செய்யுங்கள். "வா" என்று கூப்பிட்டுத் திட்டவே கூடாது. இருட்டில் லீஷ் கைநழுவினால் அந்த ஒரு சொல்தான் மிச்சம்.

ராத்திரிக்காக நான் சேர்க்கச் சொல்வது "திரும்பு". ஆள் நடமாட்டம் குறைந்ததும் தெருநாய்கள் தங்கள் எல்லையைக் கறாராகக் காக்கும். தூரத்தில் இரண்டு மூன்று எழுந்து நிற்பது தெரிந்ததுமே, சாதாரணக் குரலில் "திரும்பு" என்று சொல்லி, வந்த வழியே நடந்துவிடுங்கள். ஓடவும் வேண்டாம், முறைக்கவும் வேண்டாம். பயத்தில் லீஷை இறுக்கினால் உங்கள் நாயும் விறைத்துக்கொள்ளும்; அது குரைத்துவிட்டால் சமாதானம் முடிந்தது. மொட்டை மாடியில் நன்றாகப் பழக்கிய பிறகே தெருவில் நம்புங்கள். அப்படியும் உங்களைக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இருட்டில் நாய்க்கு நம்மைவிட நன்றாகவே கண் தெரியும். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருக்கிறது. டார்ச் பட்டதும் கண் பளபளப்பது அதனால்தான். பைக்கில் வருபவருக்குத்தான் நாய் தெரியாது. வெள்ளை ராஜபாளையமாவது பரவாயில்லை, கறுப்பு லாப்ரடார் ரோட்டோடு ரோடாகிவிடும். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டையைக் கழுத்தில் கட்டுங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரம் நடங்கள். நாய் உங்களுக்கும் வலப்புறம். இழுக்க இழுக்க நீளும் லீஷ் ராத்திரிக்கு ஆகாது, அந்த மெல்லிய கயிறு எவர் கண்ணிலும் படாது.

டார்ச்சை நாயின் முகத்தில் அடிக்காமல் அதற்கு நாலடி முன்னால் தரையில் அடியுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில் நடமாடுவது. புதரோரம் மூக்கு நுழையும் முன்பே "விடு" என்றால் விலகத் தெரிய வேண்டும். அதே சொல் குப்பைத்தொட்டியருகே கிடக்கும் பிரியாணி எலும்புக்கும் உதவும். வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கக்கூடியது. பழக்க ஆரம்பிக்க அது வேண்டாம், வீட்டிலிருக்கும் காய்ந்த ரொட்டித் துண்டே போதும்.