பெண் பிறந்தால் யார் காரணம்?

"மூன்றாவதும் பெண்தானா?"

பிரசவ அறையின் வாசலில் இக்கேள்வி எழாத ஊர் இல்லை. கேட்பவர் பெரும்பாலும் மாமியார். கேள்வி போய்த் தைப்பதோ உள்ளே களைத்துக் கிடக்கும் மருமகளின் நெஞ்சில். இதையே காரணமாக்கி மகனுக்கு மறுமணம் பேசிய வீடுகளும் உண்டு. இந்தப் பழி நியாயமானதுதானா? உயிரியல் கூறும் விடையைச் சற்றுப் பொறுமையாகக் கேட்போம்.

நம் உடல் எண்ணற்ற செல்களால் ஆனது. செல்லின் உட்கருவில் குரோமோசோம் எனப்படும் நுண்ணிய இழைகள் உள்ளன. உருவம், நிறம், இரத்த வகை முதலிய மரபுச் செய்திகளை அவையே சுமக்கின்றன. மனிதருக்கு இவை 46. அதாவது 23 இணைகள். ஒவ்வோர் இணையிலும் ஒன்று தந்தை தந்தது. மற்றது தாய் தந்தது. இந்த எண்ணிக்கையை 1956ஆம் ஆண்டில் உறுதிசெய்தவர்கள், ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோவும் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவனும் ஆவர்.

தோலோ எலும்போ வளரும்போது ஒரு செல் இரண்டாகி, இரண்டிலும் 46 குரோமோசோம்களே இருக்கும். விந்தணுவும் கருமுட்டையும் அவ்வாறே உருவானால் என்னவாகும்? பிள்ளைக்கு 92, பேரனுக்கு 184 என்று தலைமுறைதோறும் பெருகிவிடும்! ஆகவே இவ்விரண்டும் உருவாகும்போது மட்டும் தனியானதொரு பகுப்பு நிகழ்கிறது. அதுவே மியாசிஸ் எனப்படும் குன்றல் பகுப்பு. விந்தணுவும் முட்டையும் சரிபாதியையே கொண்டு வருகின்றன என்பதை, குதிரையின் குடலில் வாழும் உருளைப் புழுவை ஆராய்ந்து 1883இல் விளக்கினார் பெல்ஜிய அறிஞர் வான் பெனெடன்.

இப்பகுப்பில் முதலில் ஒவ்வொரு குரோமோசோமும் தன்னைப் படியெடுத்துக்கொள்கிறது. பின்னர் இணைகள் நெருங்கி ஒட்டிநின்று, தம்முள் சில துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அதன்பின் இணை பிரிந்து ஒன்று ஒரு செல்லுக்கும் மற்றது வேறொரு செல்லுக்கும் செல்கிறது. அடுத்த பகுப்பில் படிகளும் பிரிகின்றன. ஆணிடத்தில் இவ்வாறு நான்கு விந்தணுக்கள் தோன்றும். பெண்ணிடத்தில் ஒன்றே முட்டையாகும். மற்றவை சிறுத்து அழிந்துபோகும்.

இணையில் எது எப்பக்கம் செல்லும் என்பதற்கு முன்முடிவு கிடையாது. 23 இணைகளும் தனித்தனியே பிரிவதால் மட்டுமே 83,88,608 விதமான சேர்க்கைகள் அமையக்கூடும். துண்டு மாற்றத்தையும் சேர்த்தால் கணக்கே இல்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இராததன் காரணம் இதுவே.

இனி நம் கேள்விக்கு வருவோம். 23ஆம் இணையே பாலினத்தை நிர்ணயிப்பது. பெண்ணுக்கு அது இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். எனவே தாயின் முட்டையில் எக்ஸ் மட்டுமே இருக்க முடியும். தந்தையின் விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதி எக்ஸ் உடையவை. பாதி ஒய் உடையவை. முட்டையை எது சேர்கிறதோ அதன்படியே குழந்தை. விந்தணுவில் இருக்கும் இந்த வேறுபாட்டை, மாவுப் புழுவாக வளரும் வண்டினத்தில் 1905இல் கண்டறிந்தவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி.

தன்னிடம் இல்லாத ஒய் குரோமோசோமைத் தாய் எங்கிருந்து தருவாள்? அதற்காகத் தந்தையையும் பழிக்க வேண்டியதில்லை. எந்த அணு முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. மூன்று பிள்ளைகள் உள்ள எட்டு வீடுகளை எடுத்தால், சராசரியாக ஒரு வீட்டில் மூவரும் பெண்களாகவே இருப்பர். கரு உண்டாகும் கணத்திலேயே பாலினம் முடிவாகிவிடுவதால், அதன்பின் ஆண் பிள்ளைக்கென்று உண்ணும் எந்த மருந்தும் அதை மாற்றாது.

மாமியார்மார்களுக்கு ஒரு சொல். உங்கள் மகனிடமுள்ள எக்ஸ் குரோமோசோம் நீங்கள் கொடுத்தது. அதற்கு இணையாக நிற்கும் ஒய் மிகச் சிறியது. நுனிகளில் மட்டுமே அதனோடு சிறிது பரிமாற்றம் நிகழும். ஆதலால் அந்த எக்ஸ் ஏறக்குறைய முழுமையாக அவருடைய மகளுக்கே போய்ச் சேருகிறது. பேரனுக்கு அது கிடைப்பதில்லை. அவன் பெறுவது பாட்டனாரின் ஒய். "மூன்றாவதும் பெண்தானா?" என்று முகம் திருப்புமுன், தொட்டிலில் கிடக்கும் அப்பேத்தியைக் கையில் எடுத்துப் பாருங்கள். உங்களிடமிருந்து வந்த ஒன்றை அவள் சுமந்துகொண்டிருக்கிறாள்.