பால் ஹாலு ஆன கதை

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூவுக்கு 'ஹூவு' என்று பெயர். பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பலா ஹலசு.

இது தற்செயல் அல்ல. பழங்கன்னடத்தில் இச்சொற்களும் பகரத்தில்தான் தொடங்கின. ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டிலிருந்து சொல்முதல் 'ப' மெல்ல மெல்ல 'ஹ' ஆனது. தெலுங்கில் இன்றும் பாலு, புலிதான்.

ஒலி இப்படி ஓர் ஒழுங்கோடு மாறுவதே மொழி உறவுக்கு வலுவான சான்று. லத்தீன் 'பாட்டெர்', சமஸ்கிருதப் 'பிதர்' ஆகியவற்றின் பகரம் ஆங்கில 'ஃபாதர்' சொல்லில் 'ஃப' ஆனதும் இதே வகைதான். சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1786இல் கல்கத்தாவில் சொன்னார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் வேறொரு குடும்பம் என்று 1816இல் சென்னையிலிருந்து காட்டியவர் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ்.

அந்தக் குடும்பத்தின் சொற்களை, 1961இல் வெளியான பரோ–எமனோ திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் அருகருகே பார்க்கலாம்.