நேற்று இறக்கிய பேக்கேஜ் இன்று எங்கே?

டாக்கரில் இமேஜ் கட்டுபவர்களுக்கெல்லாம் பழகிப்போன எரிச்சல் ஒன்று உண்டு. பைதான் நிரலுக்குப் புதிதாக ஒரே ஒரு நூலகம் வேண்டும். தேவைப் பட்டியலில் ஒரு வரி சேர்த்து பில்ட் கொடுத்தால் நம்பை, பாண்டாஸ் என்று நேற்று இறங்கியதெல்லாம் இன்று மறுபடி இறங்கும்.

காரணம் லேயர் முறை. டாக்கர்ஃபைலின் ரன், காப்பி கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒரு லேயர். கட்டளையும் அது எடுக்கும் கோப்புகளும் மாறாதவரை பழைய லேயரே போதும். மாறிவிட்டால் அந்த லேயரும் அதன்பின் வருபவை அனைத்தும் முதலிலிருந்து கட்டப்படும். அதனால்தான் பட்டியலை முதலில் காப்பி செய்து, பேக்கேஜ்களை நிறுவி, நிரலைக் கடைசியில் சேர்க்கச் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் பட்டியலே மாறும் நாளில் பயனில்லை.

2018-இல் டாக்கர் 18.09-உடன் வந்த பில்ட்கிட் இதற்கு வழி செய்தது. ரன் கட்டளையோடு ஒரு கேஷ் மவுன்ட்டை இணைத்து, பைதான் நூலகங்களை நிறுவும் பிப் தன் சேமிப்பை வைக்கும் அடைவைக் காட்டிவிட வேண்டும். அது பில்ட் நடக்கும் கணினியிலேயே தங்கும், இமேஜுக்குள் போகாது. அடுத்த முறை புதிய நூலகம் மட்டும் இறங்கும். இமேஜ் பெருக்காமலிருக்க 'நோ கேஷ் டிர்' என்று பிப்புக்குச் சொல்லும் வழக்கம் பலருக்கு உண்டு. அதை எடுத்துவிடாவிட்டால் மவுன்ட் காலியாகவே கிடக்கும்.

சிஸ்டம் பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் இன்னும் வம்பு. டெபியன், உபுண்டு இமேஜ்களில் 'டாக்கர்-கிளீன்' என்றொரு அமைப்புக் கோப்பு இருக்கிறது. நிறுவி முடித்ததும் டெப் கோப்புகளைத் துடைத்தெறிவதே அதன் வேலை. அதை நீக்காமல் மவுன்ட் வைத்து, வேகம் கூடவில்லையே என்று தலையைச் சொறிபவர்கள் ஏராளம். இரண்டு பில்ட்கள் ஒரே நேரத்தில் ஓடினால் ஆப்ட் பூட்டுக்காக மோதிக்கொள்ளும். மவுன்ட்டின் பகிர்வு முறையை 'லாக்டு' என்று வைத்தால் ஒன்று முடியும்வரை மற்றொன்று காத்திருக்கும்.

ஒவ்வொரு பில்டுக்கும் புதுக் கணினி கிடைக்கும் சிஐ சூழலில் இந்த மவுன்ட் நிலைக்காது. அங்கே ஆப்ட்-கேஷர்-என்ஜி போன்ற இடைச்சேமிப்பு சர்வர் உதவும். ஒருவருக்காக இறங்கிய டெப் கோப்பு, பிறகு கேட்பவர்களுக்கு உள் நெட்வொர்க்கிலிருந்தே கிடைக்கும்.

லேயர் கேஷில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கட்டளை வரி மாறாததால், மாதக்கணக்கில் பழைய ஆப்ட் லேயரே வந்துகொண்டிருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் வந்து சேராது. அவ்வப்போது 'நோ-கேஷ்' போட்டுக் கட்டத்தான் வேண்டும். அது லேயர்களைத்தான் ஒதுக்கும், கேஷ் மவுன்ட்டைத் தொடாது. எனவே பதிப்பு மாறிய பேக்கேஜ்கள் மட்டுமே புதிதாக இறங்கும்.