ஒரு குவார்ட்டர்தானே!

மும்பைத் தமிழர்களின் பேச்சில் குடிக்கென்று குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்கள் அளவைச் சொல்வதுபோலத் தோன்றுகின்றன. உண்மையில் அவை அளவை மறைக்கின்றன.

மும்பை டீக்கடையில் ‘ஒரு கட்டிங்’ என்றால் அரை கிளாஸ் டீ வரும். சென்னையில் டாஸ்மாக் கடை வாசலில் அதே சொல்லைச் சொன்னால், குவார்ட்டர் பாட்டிலில் பாதிக்குப் பங்காளி தேடுவதாக அர்த்தம். தாராவியிலிருந்து லீவுக்கு ஊர் போய்வரும் திருநெல்வேலிக்காரர்கள் இந்த இரண்டு கட்டிங்கையும் குழப்பிக்கொள்வதில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஒரு தொனி: பாதிதான், கொஞ்சம்தான்.

அந்தத் தொனிக்காகவே பல ஆங்கிலச் சொற்கள் தமிழரின் குடிப்பேச்சில் இடம்பிடித்துவிட்டன. தாராவியில் ‘குவார்ட்டர்’, ‘நைன்ட்டி’. மாட்டுங்காவின் அடுக்குமாடி வீடுகளில் ‘ரெண்டு மூணு பெக்’, ‘சோஷியல் டிரிங்க்கிங்’. சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் சூழ்ந்த செம்பூரில் சம்பள நாளன்று ‘பார்ட்டி’. பெண் கொடுக்க வந்தவர்கள் ‘மாப்பிள்ளை குடிப்பாரா?’ என்று தமிழில் கேட்டால், பதில் ஆங்கிலத்தில் வருகிறது: ‘எப்பவாவது, கம்பெனிக்கு.’ ‘குடிக்கிறார்’ என்பது குற்றச்சாட்டு. ‘டிரிங்க்ஸ் எடுத்துக்குவார்’ என்பது வெறும் தகவல்.

மும்பையில் இந்த ஆங்கிலத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். 1949ம் ஆண்டு பம்பாய் மதுவிலக்குச் சட்டம், ‘பர்மிட்’ என்ற சொல்லை நகரத்தின் அன்றாடப் பேச்சில் சேர்த்தது. 1960களிலிருந்து மதுவிலக்கு படிப்படியாகத் தளர்ந்தாலும் மதுக்கூடங்களின் பெயர்ப்பலகையில் ‘பர்மிட் ரூம்’ நிலைத்துவிட்டது. மது விற்காத நாள் ‘டிரை டே’. விலக்குக் காலத்தில் வீட்டின் முன்னறையிலேயே மது விற்ற பெண்கள், பெரும்பாலும் கோவா கிறிஸ்தவர்கள், ‘ஆன்ட்டி’ ஆனார்கள். ‘ஆன்ட்டி வீட்டுக்குப் போகிறேன்’ என்றால் அது உறவினர் வீடு அல்ல. அதே கள்ளச்சந்தையில்தான் தாராவி, மாட்டுங்கா, ஆன்டாப் ஹில் வட்டாரங்களில் வரதராஜ முதலியாரின் ராஜ்யம் எழுந்தது. 1987ல் வெளிவந்த ‘நாயகன்’ படம் அவரைத் தமிழகம் முழுவதற்கும் நினைவூட்டியது.

உரிமம் பெற்ற மலிவுச் சரக்கு ‘கண்ட்ரி’. உரிமம் இல்லாததை ஆங்கிலப் பத்திரிகைகள் ‘ஹூச்’ என்கின்றன. அலாஸ்காவின் பூர்வகுடி ஒன்றின் பெயரிலிருந்து பிறந்த சொல் அது. அந்தச் சின்னச் சொல்லுக்குள் பெரிய சாவுகள் உண்டு. 2004 டிசம்பரில் விக்ரோலியில் 87 பேர், 2015 ஜூனில் மலாட் மால்வணியில் 100க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்துக்குப் பலியானார்கள். மால்வணிச் சாராயத்தில் இருந்தது மெத்தனால்.

பீப்பாயும் மொடாவும்

சொற்களின் போக்குவரத்து ஒருவழிப் பாதை அல்ல. இந்தியாவின் ‘தாடி’யை எடுத்துக்கொண்டு ஆங்கிலம் ‘டாடி’ என்ற பெயரைக் கள்ளுக்கு வைத்தது. பதிலுக்குப் ‘பெக்’கைக் கொடுத்தது. ஒவ்வொரு பெக்கும் சவப்பெட்டியில் அறையப்படும் ஓர் ஆணி என்று அந்தச் சொல்லுக்கு வெள்ளைக்காரர்களிடையே ஒரு வேடிக்கை விளக்கமும் இருந்தது.

ஒரே மூச்சில் அளவின்றிக் குடிப்பதை ஆங்கிலம் ‘பிஞ்ச்’ என்கிறது. மரப்பாத்திரம் ஒழுகாமலிருக்க அதை நீரில் ஊறவைப்பதைக் குறித்த இங்கிலாந்து வட்டார வழக்கு அது. மனிதன் மதுவில் ஊறுவதற்கு 19ம் நூற்றாண்டில் இடம் மாறியது. இன்று விடிய விடிய டி.வி. தொடர் பார்ப்பதற்கும் அதே சொல்தான். ஆங்கிலத்திலேயே அதன் கனம் குறைந்துவிட்டது.

தமிழிலும் பாத்திரத்தை வைத்துத்தான் பேர் வந்தது: மொடாக்குடி. மொடா என்பது பெரிய பானை. யாழ்ப்பாணத் தமிழில் போதைக்கு இன்றும் ‘வெறி’தான்; சங்கத் தமிழில் ‘மகிழ்’ என்பதற்கே கள் என்றும் பொருள் இருந்தது. திருக்குறளின் 93வது அதிகாரம் அளவு பேசவில்லை. கள்ளுண்பவரை நஞ்சுண்பவருக்குச் சமமாக வைத்தது.

ஆனால் தமிழ்ச் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. ‘மொடாக்குடியன்’ எப்போதும் அடுத்தவன்தான். தெருவில் விழுந்துகிடப்பவனைக் காட்டி, தான் அப்படி இல்லை என்று சொல்லிக்கொள்ள அது உதவுகிறது. தமிழ்ச் சொல் திட்டுகிறது, ஆங்கிலச் சொல் தட்டிக்கொடுக்கிறது. எவ்வளவு குடித்தார் என்பதை இரண்டுமே சொல்வதில்லை.

60 கிராம் கணக்கு

எவ்வளவு என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் தூய ஆல்கஹால் உள்ளே போனால், அதை மிதமிஞ்சிய குடி என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. மாதத்தில் ஒருமுறை நடந்தாலே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

இந்தியாவில் விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம்மில் ஆல்கஹால் 42.8 சதவீதம். குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் இருக்கும் தூய ஆல்கஹால் 77 மில்லி. எடையில் சுமார் 61 கிராம். அதாவது ‘ஒரு குவார்ட்டர்தான்’ என்று கைகழுவும் அளவே, உலக சுகாதார நிறுவனம் அபாயக் கோடு போட்டிருக்கும் இடம். மாட்டுங்காவின் ‘மூணு பெக்’ லார்ஜாக இருந்தால் அதுவும் 180 மில்லிதான். தாராவிக்காரர் பாட்டிலாக வாங்குவதை மாட்டுங்காக்காரர் கண்ணாடிக் கோப்பையில் ஐஸோடு வாங்குகிறார். ஈரலுக்கு முகவரி தெரியாது. ‘பீர்தானே’ என்பதும் தப்பாது. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் ஏறத்தாழ 41 கிராம். ஒன்றரை பாட்டிலில் கோடு தாண்டிவிடும்.

மராத்தியும் இதற்கு விலக்கல்ல. சேர் அளவை வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், கால் சேரைக் குறிக்கும் ‘பாவ்ஷேர்’, அதில் பாதியான ‘நவ்டாக்’ இரண்டும் சாராயப் பேச்சில் உயிரோடிருக்கின்றன. எந்த மொழியிலும் குடிகாரர் விரும்புவது பின்னத்தைத்தான். முழுசு என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது.

இந்த மழுப்பல் நண்பர்கள் மத்தியில் வேடிக்கை. டாக்டரின் அறையில் அப்படியல்ல. குடிப்பழக்கத்தைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 10 கேள்விகளில் மூன்றாவது, ஒரே அமர்வில் ஆறு ‘டிரிங்க்’ அல்லது அதற்கு மேல் எத்தனை முறை குடிக்கிறீர்கள் என்பது. அந்தக் கணக்கில் ஒரு டிரிங்க் என்பது 10 கிராம். ஆறு சேர்ந்தால் ஒரு குவார்ட்டர். ஆனால் குவார்ட்டரை ஒரே டம்ளரில் கவிழ்த்துக் குடிப்பவருக்கு அது ‘ஒரு டிரிங்க்’. பொய் சொல்லாமலே தப்பான பதிலைச் சொல்லிவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து மஞ்சள் காமாலையோடு திரும்பி வரலாம்.

மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான ஆய்வு, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் நாட்டில் 5.7 கோடி என்று கணக்கிட்டது. அவர்களில் பலர் தங்களை ‘அக்கேஷனல்’ என்றே சொல்லிக்கொள்வார்கள்.

மீட்பு மையங்களில் ‘குடிநோய்’ என்ற தமிழ்ச் சொல் இப்போது புழங்குகிறது. ‘குடிகாரன்’ என்பதில் உள்ள வசவும் ‘சோஷியல்’ என்பதில் உள்ள சமாதானமும் இல்லாத சொல். நோய் என்றால் மருந்து கேட்கலாம், மருத்துவரிடம் போகலாம். அதற்குமுன் கேள்வியைத் திருத்தவேண்டும். ‘டிரிங்க்ஸ் பழக்கம் உண்டா?’ என்று கேட்பதைவிட, ‘வாரத்தில் எத்தனை நாள், நாளுக்கு எத்தனை குவார்ட்டர்?’ என்று கேட்டால் தாராவியிலும் சரி, செம்பூரிலும் சரி, பதில் எண்ணிக்கையில் வரும். நோயாளி தயங்கினாலும், மாதக் கடைசியில் மளிகைக் கடனைக் கூட்டிக்கொண்டிருக்கும் மனைவிக்கு அந்த எண் தெரியும்.